எந்தத் தட்டிலிருந்து தொடங்குவது? கறுப்பின இசை: கேள்வி பதில்

ஆப்பிரிக்காவிலும், அங்கிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் அமெரிக்கா, கரீபியத் தீவுகள், பிரேசில் முதலிய இடங்களிலும் வளர்ந்த இசையைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். "ராப் எல்லாம் ஒரு இசையா?" என்று கேட்டவர்களுக்குத் தனிப் பதில் கிடையாது; மற்ற பதில்களைப் படித்துக்கொள்ளட்டும்.

மதுரை, கல்லூரி மாணவர்: ஐயா, எனக்குத் தெரிந்தது மைக்கேல் ஜாக்சன் மட்டும்தான். எங்கே தொடங்குவது?

அவரிடமே தொடங்குங்கள், தம்பி. 1982இல் வந்த 'திரில்லர்' தொகுப்பின் முதல் பாட்டு முடியும் நேரத்தில் ஒரு கூட்டுக்குரல் புரியாத சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லும். அது கேமரூன் நாட்டு சாக்ஸபோன் கலைஞர் மனு திபாங்கோவின் 'சோல் மகோசா'விலிருந்து வந்தது. மகோசா என்பது டுவாலா துறைமுக நகரத்தின் ஆட்ட இசை. 1972இல் கேமரூனில் ஆப்பிரிக்கக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நடந்தபோது அதற்காகத் திபாங்கோ ஒரு பாட்டைப் பதிவு செய்தார். அந்த இசைத்தட்டின் மறுபக்கத்தை நிரப்பப் போட்டது 'சோல் மகோசா'. கால்பந்துப் பாட்டை இன்று யாரும் தேடுவதில்லை. மறுபக்கமோ நியூயார்க்கில் டேவிட் மன்குசோ நடத்திய விருந்துகளில் சுழன்று ஊரையே ஆட்டிவைத்தது. ஜாக்சன் அதை எடுத்துக்கொண்டார். திபாங்கோ வழக்குத் தொடுத்தார். பணம் கொடுத்துச் சமரசம் ஆனது.

ஒரே பாட்டைப் பிடித்துக்கொண்டு டுவாலாவுக்குப் போய்விட்டோம் பாருங்கள். அதே ஜாக்சனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பக்கமும் போகலாம். சிறுவனாக அவர் பாடிய மோட்டவுன் நிறுவனம் டெட்ராய்ட்டில் 1959இல் பெர்ரி கோர்டி குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கியது. ஜாக்சனுடைய கால்வேகத்துக்கு ஆசான் பாடகர் ஜேம்ஸ் பிரவுன். பிரவுனின் அலறலுக்கு ஆசான் தேவாலயம். பிடித்த பாட்டிலிருந்து இப்படிப் பின்னோக்கிப் போவதுதான் நல்ல வழி. ஆப்பிரிக்கா வேர், அமெரிக்கா கிளை என்று மரம் வரைந்து காட்டும் படங்களை மட்டும் நம்பாதீர்கள். இந்த இசை போன கப்பலிலேயே திரும்பியும் வந்திருக்கிறது.

திருநெல்வேலி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: ப்ளூஸ் என்றால் ஒப்பாரி என்றுதானே பொருள்? அழுகையை எதற்குக் காசு கொடுத்துக் கேட்க வேண்டும்?

ஐயா, அமெரிக்காவின் மிசிசிப்பி பருத்திக்காட்டுக் கறுப்பினக் கூலிகள் சனிக்கிழமை இரவு கொட்டகையில் குடித்துவிட்டு ஆடியது ப்ளூஸுக்குத்தான். பாட்டில் இருப்பது ஓடிப்போன மனைவி, மோசம் செய்த முதலாளி, வெள்ளம், சிறை. ஆனால் கால் சும்மா இருக்காது. நிறைய நக்கலும் உண்டு. பெரும்பாலான பாட்டுகளுக்கு வடிவம் எளிது: முதல் அடி, அதே அடி மறுபடியும், பிறகு அதற்கு ஒரு எதிரடி, நான்கு எண்ணிக்கையில் 12 ஆவர்த்தனம். இரண்டாம் முறை பாடும்போது பாடகர் மூன்றாம் அடியை யோசித்துக்கொள்வார்.

கர்நாடக இசை கேட்ட காதுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ப்ளூஸின் காந்தாரம் சாதாரண காந்தாரத்திலும் நிற்காது, அந்தர காந்தாரத்திலும் நிற்காது. இரண்டுக்கும் நடுவே வழுக்கிக்கொண்டிருக்கும். பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டை கிடையாது. அதனால்தான் கித்தார் கம்பியை இழுத்து வளைக்கிறார்கள்.

சென்னை, தகவல் தொழில்நுட்ப ஊழியர்: ஒரே கண்டத்திலிருந்து போனவர்கள்தானே? கியூபாவிலும் பிரேசிலிலும் மத்தளம் முழங்குகிறது. அமெரிக்கக் கறுப்பர்களின் பழைய இசையில் ஏன் பெரும்பாலும் குரலும் கைத்தட்டலும் மட்டும்?

இந்தத் தொகுப்பிலேயே நல்ல கேள்வி இதுதான். பறை, அதாவது ஆப்பிரிக்க முழவு, பிடுங்கப்பட்டது ஒரு முக்கியக் காரணம். 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றருகே அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள்; பறை கொட்டி ஆள் சேர்த்துக்கொண்டே நடந்தார்கள். அடுத்த ஆண்டே அந்தக் காலனி சட்டம் கொண்டுவந்தது: அடிமைகள் பறையோ கொம்போ உரத்து ஒலிக்கும் எந்த வாத்தியமோ வைத்திருக்கக் கூடாது. தாளம் அதற்காக நின்றுவிடவில்லை. தொடையிலும் மார்பிலும் தட்டினார்கள். வட்டமாகச் சுற்றி வந்து பாதத்தால் பலகைத் தரையை அதிர வைத்தார்கள். கோலால் தரையைக் குத்தினார்கள். கறுப்பினத் தேவாலயங்களின் காஸ்பெல் பாட்டில் சபை முழுவதும் கைத்தட்டும்போது கேட்பது அந்தப் பறையின் வேலையைத்தான். விதிவிலக்கு நியூ ஆர்லியன்ஸ். அங்கே காங்கோ சதுக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமைகள் கூடிப் பறையடித்து ஆட அனுமதி இருந்தது. ஜாஸ் அந்த ஊரில் பிறந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

கியூபாவில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு ஆப்பிரிக்க இனத்தாரும் கத்தோலிக்கத் திருச்சபையின் நிழலில் சங்கம் வைத்துக்கொள்ள விட்டார்கள். வெளியே புனித பார்பரா, உள்ளே மேற்கு ஆப்பிரிக்க யொருபா மக்களின் இடித்தெய்வம் சாங்கோ. தெய்வம் தப்பித்தது, தெய்வத்தோடு அதன் பாத்தா முழவும் தப்பித்தது. காலமும் ஒரு காரணம். அமெரிக்கா 1808இல் அடிமை இறக்குமதியைத் தடை செய்தது. கியூபாவுக்கு 1860கள் வரை கள்ளத்தனமாகக் கப்பல்கள் வந்தன. ஊர்ப்பாட்டு மறக்காத ஆட்கள் புதிதாக வந்துகொண்டே இருந்தார்கள்.

கரீபியத் தீவான டிரினிடாட்டையும் சொல்லிவிடுகிறேன். 1881இல் திருவிழாக் கூட்டத்துக்கும் காவல்துறைக்கும் மோதல். 1884இல் ஆங்கில அரசு பறைக்குத் தடை போட்டது. மக்கள் வெவ்வேறு நீளத்தில் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் எழுப்பினார்கள். 1930களில் மூங்கிலுக்குப் பதில் பிஸ்கட் டப்பா, குப்பைத்தொட்டி மூடி. தகரத்தை உள்ளே தட்டிக் குழித்தால் இடத்துக்கு இடம் சுருதி மாறுவதைக் கண்டுகொண்டார்கள். டிரினிடாட் எண்ணெய் எடுக்கும் தீவு, பீப்பாய்க்குப் பஞ்சமில்லை. 1951இல் அந்த எஃகுப் பீப்பாய்களோடு ஒரு குழு லண்டன் போய் வாசித்தபோது ஆங்கிலேயர் வாயைப் பிளந்தார்கள். தடை போட்டதும் அதே அரசுதான்.

கோவை வாசகர்: பாஞ்சோ வெள்ளைக்கார நாட்டுப்புற வாத்தியம் இல்லையா?

இல்லை. சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திய மேற்கு ஆப்பிரிக்க நரம்புக் கருவிகளின் வழிவந்தது. செனகல், காம்பியா பகுதியில் ஜோலா மக்கள் அதன் உறவான அகோன்டிங்கை இன்றும் வாசிக்கிறார்கள். அமெரிக்கக் கிராமிய இசையான 'கண்ட்ரி'யை வெள்ளையர் இசை என்று பிரித்ததில் தட்டு வியாபாரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1920இல் மேமி ஸ்மித் பாடிய ப்ளூஸ் தட்டு எதிர்பாராமல் விற்றுத் தீர்ந்ததும், கறுப்பர் வாங்க ஒரு பட்டியல், வெள்ளையக் கிராமத்தார் வாங்க ஒரு பட்டியல் என்று நிறுவனங்கள் பிரித்துவிட்டன. ஒரே திண்ணையில் ஒரே பாட்டை வாசித்தவர்கள் இரண்டு அலமாரிக்குப் போனார்கள். 2024இல் கறுப்பினப் பாப் பாடகி பியான்சே கண்ட்ரி பக்கம் வந்தபோது "இங்கே இவருக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்டார்கள் அல்லவா? அப்போது வந்த 'டெக்சஸ் ஹோல்ட் எம்' பாட்டில் பாஞ்சோ வாசித்தவர் ரியானன் கிடென்ஸ். பல ஆண்டுகளாக இந்த வரலாற்றைத்தான் மேடை மேடையாகச் சொல்லி வருகிறார்.

சேலம், மாணவி: ஹிப்ஹாப் பிறந்தது நியூயார்க்கிலா, ஜமைக்காவிலா?

நியூயார்க்கில், ஆனால் மருத்துவச்சி ஜமைக்காக்காரர். ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் பிறந்து சிறுவயதில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிக்கு வந்த கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில் தங்கை நடத்திய விருந்துக்குத் தட்டு சுழற்றினார். பாட்டு அடங்கித் தாளம் மட்டும் வரும் சில நொடிகளில்தான் ஆட்டக்காரர்கள் வெறிகொள்கிறார்கள் என்பதைக் கவனித்து, ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றிப் போட்டு அந்த நொடிகளை நீட்டும் வித்தையைப் பிடித்தார். தெருவில் மலைபோல் ஒலிபெருக்கி அடுக்குவதும் தட்டின்மேல் பேசுவதும் கிங்ஸ்டன் பழக்கம்.

அந்தக் கிங்ஸ்டன் பழக்கம் மட்டும் எங்கிருந்து வந்தது? நியூ ஆர்லியன்ஸ், மயாமி வானொலிகளில் வந்த அமெரிக்கக் கறுப்பின ஆட்ட இசையான ரிதம் அண்ட் ப்ளூஸைக் கடல் தாண்டிக் கேட்டுத்தான் ஜமைக்காக்காரர்கள் ஸ்கா செய்தார்கள். ஸ்காவிலிருந்து ராக்ஸ்டெடி, அதிலிருந்து ரெகே. யார் முதல் என்ற பந்தயம் இந்த இடத்தில் அர்த்தமிழக்கிறது.

ஈரோடு வாசகர்: மின்னணு ஆட்ட இசை ஐரோப்பாவுடையதுதானே?

இல்லை. அதன் முக்கிய வகையான ஹவுஸ் சிகாகோவில், 1977இல் திறந்த 'வேர்ஹவுஸ்' ஆட்ட விடுதியில் ஃபிராங்கி நக்கில்ஸ் தட்டு சுழற்றியதிலிருந்து வளர்ந்தது. இன்னொரு வகையான டெக்னோ டெட்ராய்ட்டின் கறுப்பின இளைஞர்களுடையது: ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். ஐரோப்பிய மின்னணு இசையை அவர்களும் விரும்பிக் கேட்டார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை.

புதுச்சேரி வாசகர்: ஆப்பிரிக்காவிலிருந்து வெளியே போனது புரிகிறது. "திரும்பி வந்தது" என்கிறீர்களே, எப்படி?

காங்கோவைப் பாருங்கள். 1930களில் கியூபாவின் சோன் இசைத்தட்டுகள் அங்கே வந்து இறங்கின. கேட்டவர்களுக்கு அது அந்நியமாகப் படவில்லை. கியூபாவுக்கு அடிமைகளாகப் போனவர்களில் ஏராளமானோர் காங்கோ வட்டாரத்தார். முதலில் ஸ்பானிய மொழியை ஒலியளவில் காப்பியடித்துப் பாடினார்கள். பிறகு தங்கள் லிங்காலா மொழியில் சொந்தப் பாட்டு. கியூபாவில் பியானோ செய்த வேலையை இங்கே கித்தார் ஏற்றது. பாட்டின் பாதியில் கித்தார்கள் மட்டும் ஒன்றையொன்று துரத்தும் 'செபென்' வந்துவிட்டால் யாரும் நாற்காலியில் இருக்க மாட்டார்கள். 1960 தொடக்கத்தில் பெல்ஜியத்தோடு விடுதலைப் பேச்சுவார்த்தை நடக்கும்போதே, பிரஸ்ஸல்ஸ் போயிருந்த காங்கோ பாடகர் கிராண்ட் காலேயின் குழு விடுதலைக்கு ஒரு சா-சா-சா பாடிவிட்டது. கண்டம் முழுவதும் ஒலித்த அந்தப் பாட்டின் தாளம் கியூபாவுடையது! 1956இல் தொடங்கிய, கித்தார் கலைஞர் ஃபிராங்கோவின் ஓகே ஜாஸ் குழுவைக் கேளுங்கள். பெயரில்தான் ஜாஸ்; உள்ளே இருப்பது ரும்பா, அதாவது இப்படிப் பிறந்த காங்கோ இசை. என் ஆயுளுக்கு ஒரே ஒரு குழு என்றால் நான் இதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

நைஜீரியப் பாடகர் ஃபெலா குட்டியும் இப்படித்தான். 1969இல் அமெரிக்கா போய்க் கறுப்பர் எழுச்சி இயக்கத்தாரோடு பழகித் திரும்பியபின் அவர் இசையும் பேச்சும் மாறின. அவர் குழுவின் டிரம்ஸ் கலைஞர் டோனி ஆலனின் தாளமில்லாமல் ஃபெலாவின் ஆஃப்ரோபீட் இல்லை. ராணுவத்தைக் கிண்டலடித்ததற்கு 1977இல் படையே வந்து அவர் வீட்டை எரித்தது. இன்று செல்போன்களில் கேட்கும் 'ஆஃப்ரோபீட்ஸ்' வேறு. அது புதிய மேற்கு ஆப்பிரிக்கப் பாப்.

யாழ்ப்பாணம், இசைக் கல்லூரி மாணவர்: அண்ணா, இதில் தமிழர்களுக்கு ஏதாவது தொடர்பு உண்டா? பறையையும் ஆப்பிரிக்க முழவையும் ஒன்று என்கிறார்களே?

ஒன்று என்பதற்கு ஆதாரம் இல்லை, தம்பி. தோல் போர்த்திய கருவி உலகெங்கும் உண்டு. உண்மையான தொடர்புகளே போதுமான அளவு இருக்கின்றன. உங்களுக்குப் பக்கத்தில் புத்தளம் சிராம்பியடியில், மொசாம்பிக் பக்கத்து ஆப்பிரிக்கர்களின் வம்சாவளியினர் 'மஞ்ஞா' என்று போர்த்துக்கீசியக் கிரியோல் பாட்டுகளைப் பாடுகிறார்கள். இலங்கையின் ஆட்டப்பாட்டான பைலாவின் துள்ளலில் அவர்கள் மரபுக்கும் பங்கு உண்டு. சிலோன் மனோகர் தமிழ்நாட்டைப் பாடவைத்த 'சுராங்கனி' ஒரு பைலா. திருமண வீட்டில் அதற்கு ஆடியவர்கள் யாரும் மொசாம்பிக்கை நினைத்திருக்க மாட்டார்கள்.

இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவின் மலோயா, கரும்புத் தோட்டத்து ஆப்பிரிக்க, மடகாஸ்கர் அடிமைகளின் இசை. 1848இல் அடிமை முறை ஒழிந்தபின் பெருமளவில் வந்த தமிழ்க் கூலிகளும் அதே தோட்டங்களில் சேர்ந்து வாழ்ந்தார்கள். அங்கே அவர்களுக்கு மலபார் என்று பெயர். டிரினிடாட்டில் பாடகர் லார்டு ஷார்ட்டி 1970களில் அந்தத் தீவின் கலிப்ஸோ பாட்டில் இந்தியக் கூலிகளின் தோலக் தாளத்தைக் கலந்து சோகா என்ற புது இசையைச் செய்தார்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேன் 1967இல் இறந்தபின் அவர் மனைவியும் ஹார்ப் கலைஞருமான ஆலிஸ் துயரத்தில் தேடிப்போன குரு சுவாமி சச்சிதானந்தா. கோவை செட்டிபாளையத்தில் பிறந்து, இலங்கையில் ஆசிரமம் நடத்தி, அமெரிக்கா போனவர். 1969 உட்ஸ்டாக் விழாவைத் தொடங்கிவைத்தவரும் அவரே. 1971இல் ஆலிஸ் வெளியிட்ட தொகுப்பின் பெயரிலேயே அவர் இருக்கிறார். தம்புராவின் மேல் ஹார்ப். அடியில் விடாமல் சுழலும் பாஸ். ஃபாரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன். பின்னாளில் ஆலிஸ் கலிபோர்னியாவில் ஆசிரமம் அமைத்து, டெட்ராய்ட் தேவாலயத்தில் தான் கற்ற காஸ்பெல் முறையில் பஜனை பாட வைத்தார். அந்தப் பதிவுகளை முதல்முறை கேட்பவர்கள் சிரிப்பார்கள். அடுத்த முறை சிரிக்க மாட்டார்கள்.

திருச்சி, வழக்கறிஞர்: வெள்ளையர் திருடினார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சட்டப்படி எது திருட்டு?

சட்டமே சாய்ந்துதான் நிற்கிறது, ஐயா. தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டா 1939இல் ஜோகன்னஸ்பர்க்கில் 'ம்பூபே' பதிவு செய்தார். உரிமைக்குப் பெற்றது பத்து ஷில்லிங். அது அமெரிக்காவில் வேறு பெயர்களில் உலகப் புகழ் பெற்று, 1994இல் 'தி லயன் கிங்' என்ற சிங்கக் குட்டிப் படம் வரை வந்தது. லிண்டா 1962இல் வறுமையில் இறந்தார். மகள்களுக்குச் சமரசப் பணம் கிடைத்தது 2006இல்.

இதிலாவது காட்டுவதற்கு ஒரு மெட்டு இருந்தது. டிரம்ஸ் கலைஞர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டுக்கு அதுவும் இல்லை. ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பதிவில் அவர் வாசித்த சில நொடித் தாளத்தை நூற்றுக்கணக்கான ஹிப்ஹாப் பாட்டுகள் வெட்டி எடுத்துக்கொண்டன. பாட்டின் உரிமை சொல்லுக்கும் மெட்டுக்கும் உரியது. தாளம் வாசித்தவரின் பெயர் அந்தப் பத்திரத்தில் வராது. இசையின் உயிரே தாளத்தில் இருக்கும் ஒரு மரபுக்கு இந்தச் சட்டம் எவ்வளவு பொருந்தும் என்று நீங்களே வாதாடிப் பாருங்கள். எடுத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினக் கலைஞர்களே என்பதையும் வாதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர், இல்லத்தரசி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. நாள் முழுக்க ராப். காது கூசும் சொற்கள். தடுத்துவிடலாமா?

தடுத்தால் காதுக்கருவி போட்டுக்கொண்டு கேட்பான், அம்மா. அந்தச் சொற்களை நீக்கிய பதிப்பு பல தொகுப்புகளுக்கு உண்டு. அதை முதலில் தேடுங்கள். பிறகு அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள்: பிடித்த பாட்டில் பின்னால் ஓடும் இசைத்துண்டு எந்தப் பழைய தட்டிலிருந்து வெட்டியது என்று கண்டுபிடித்து உங்களுக்குப் போட்டுக்காட்ட வேண்டும். அந்த வயதுப் பையன்களுக்குத் துப்பறிவது பிடிக்கும். வீட்டில் எல்லாரும் சேர்ந்து கேட்க ஸ்டீவி வொண்டரின் 1976 இரட்டைத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதில் தன் கைக்குழந்தைக்காக அவர் பாடிய பாட்டு நடுவே குளியல் சத்தம் வரும். குழாயைத் திறந்துவைத்துவிட்டோமோ என்று எழுந்து போகாதீர்கள்.