ஸ்வீட்டே தொடுவதில்லை, பல் மட்டும் ஏன் சொத்தையாகிறது?

கேள்வி: எனக்கு 43 வயது. ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சாக்லேட், ஸ்வீட் எதையும் தொடுவதில்லை. வெள்ளைச் சர்க்கரையை விட்டு 2 வருடம் ஆகிறது, நாட்டுச் சர்க்கரைதான். காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் கலந்து குடிக்கிறேன். கடையில் ஒரு நாளைக்கு 6 டீ ஆகிவிடும். இரவு படுக்கும்போது பனங்கற்கண்டு போட்ட பால். ஆனாலும் ஈறோரத்தில் 2 பற்கள் சொத்தையாகிவிட்டன. ஜில்லென்று எதைக் குடித்தாலும் கூசுகிறது. பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. பல்லும் ஈறும் உறுதியாக என்ன சாப்பிட வேண்டும்? கால்சியம் மாத்திரை போடலாமா?

பதில்: நீங்கள் ஒரு நாளைக்கு 8 முறை இனிப்பு சாப்பிடுகிறீர்கள். 6 டீ, காலையில் தேன், இரவில் பனங்கற்கண்டு. கோபித்துக்கொள்ளாதீர்கள், என்னிடம் வருகிறவர்களில் பலரும் "நான் ஸ்வீட்டே சாப்பிட மாட்டேன் டாக்டர்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். டீயை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் என்று நாம்தான் பெயர் பிரித்து வைத்திருக்கிறோம். பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. எது கிடைத்தாலும் தின்று அமிலமாக்கும். இனிப்பு வாய்க்குள் போன சில நிமிடங்களிலேயே பல்லின் மேலுள்ள படிவில் பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம் என்று பொருள்) 5.5-க்குக் கீழே இறங்கிவிடும். அந்த அளவில் பல்லின் கெட்டியான மேல் பூச்சான எனாமலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் ஊறி அமிலத்தைத் தணித்து, கரைந்ததில் ஒரு பகுதியை மீண்டும் பல்லில் படிய வைக்கும். இதற்கு அரை மணி நேரமாவது ஆகும், சிலருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம்.

இனி உங்கள் டீயைப் பாருங்கள். கணக்குப் புத்தகத்துக்குப் பக்கத்தில் டம்ளரை வைத்துக்கொண்டு, ஒரு வாய் குடித்து நாலு பில்லைச் சரிபார்த்து, அடுத்த வாய் குடிப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு டீ 20 நிமிடம் ஓடும். அதற்கு மேல் வாய் சமநிலைக்குத் திரும்ப அரை மணி. 6 டீக்குக் கூட்டினால் 5 மணி நேரம் உங்கள் பல் அமிலத்தில் ஊறுகிறது. உமிழ்நீருக்குப் பழுது பார்க்க நேரமே கிடைப்பதில்லை.

எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதைவிட எத்தனை முறை சாப்பிடுகிறோம் என்பதே பெரிது. 1940களில் ஸ்வீடனில் விபெஹோல்ம் என்ற மனநல மருத்துவமனையில் இதைச் சோதித்தார்கள். சாப்பாட்டோடு இனிப்பு கொடுத்தபோது சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. சாப்பாட்டுக்கு இடையிடையே ஒட்டும் மிட்டாய் கொடுத்தபோது மளமளவென்று பெருகியது. சம்மதம் கேட்காமல் நோயாளிகளின் பல்லைப் பாழாக்கிய சோதனை அது. இன்று யாரும் அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் அது காட்டிய உண்மை மாறவில்லை.

அதனால் டீயை விடச் சொல்ல மாட்டேன். 6-ஐ 3 ஆக்குங்கள். அதில் ஒன்றை டிபனோடு குடியுங்கள். ஆறுவதற்குள் ஒரே மூச்சில் குடித்து முடித்து, ஒரு வாய் தண்ணீரைக் கொப்பளித்து விழுங்குங்கள். மற்ற இரண்டில் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட முடிந்தால் ரொம்ப நல்லது. கல்யாண வீட்டு லட்டையோ தீபாவளி அதிரசத்தையோ சாப்பாட்டு இலையில் வைத்தே சாப்பிட்டுவிடுங்கள். டப்பாவில் போட்டு வைத்து, போகும்போதும் வரும்போதும் கிள்ளித் தின்பதுதான் ஆபத்து.

சாயங்காலம் பசித்தால் சுண்டல், வேர்க்கடலை, வெள்ளரி, கொய்யா சாப்பிடலாம். பிஸ்கட்டும் சிப்ஸும் கடவாய்ப் பல்லின் பள்ளத்தில் மாவாக அப்பிக்கொள்ளும். தின்ற பிறகு நாக்கால் தடவிப் பாருங்கள், தெரியும். இனிப்பே இல்லாவிட்டாலும் அந்த மாவு வாயிலேயே சர்க்கரையாக உடையும்.

அடுத்து எலுமிச்சை. உங்கள் கூச்சத்துக்கு அதன் மேல்தான் எனக்குச் சந்தேகம். எலுமிச்சைச் சாறு கடுமையான அமிலம். கிருமியின் உதவி இல்லாமலே அது எனாமலை இளக்கும். தூங்கி எழுந்த நேரத்தில் உமிழ்நீரும் குறைவாக இருக்கும். இளகிய எனாமலை உடனே பிரஷ் போட்டுத் தேய்த்தால் மேல் பூச்சு உரிந்து போகும். வெறும் வெந்நீர் குடியுங்கள். எலுமிச்சை வேண்டுமென்றால் ரசத்திலோ சாதத்திலோ பிழிந்துகொள்ளுங்கள். நெல்லிக்காய்ச் சாற்றைத் தினமும் குடிக்கிறவர்களுக்கும் இதே பேச்சுதான். காயாகச் சாப்பாட்டோடு தின்றால் கவலை இல்லை. புளிப்பாக எதைக் குடித்தாலும் பல் தேய்க்க அரை மணியாவது பொறுங்கள்.

கால்சியம் மாத்திரை இந்தச் சொத்தையை அடைக்காது. முளைத்த பல்லின் எனாமல் மறுபடி வளராது. அதற்குச் சத்து சேர்ந்ததெல்லாம் சிறு வயதில். தாடை எலும்புக்குக் கால்சியம் வேண்டும். அது பால், மோர், கேழ்வரகு, கீரை என்று சாப்பாட்டிலேயே கிடைக்கும். எலும்புத் தேய்மானம் போன்ற காரணத்துக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் மாத்திரை போடுங்கள். பல்லுக்கு மாத்திரையைவிட ஃபுளூரைடு உள்ள பேஸ்ட்தான் உதவும். டியூபில் ஃபுளூரைடு அளவு 1000 பி.பி.எம். என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

ஈறில் ரத்தம் வருவதற்குச் சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. வைட்டமின் சி அடியோடு குறைந்தால் ஈறு வீங்கி ரத்தம் வரும் என்பது உண்மை. காய், பழம் சாப்பிடுகிறவருக்கு அது வருவது அபூர்வம். ஈறோரத்தில் படிந்த அழுக்கும், இறுகிய காரையும்தான் பெரும்பாலும் காரணம். ரத்தம் வருகிற இடத்தைப் பயந்து தேய்க்காமல் விட்டால் அங்கே இன்னும் அழுக்கு சேரும். மிருதுவான பிரஷ்ஷால் அந்த இடத்தையும் சேர்த்தே தேயுங்கள். வெற்றிலை பாக்குப் பழக்கம் இருந்தால் பாக்கை அடியோடு விடுங்கள். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு வாய்ப் புற்றுநோய் தரும்.

ஒரு முறை ரத்தத்தில் சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். நீரிழிவு இருந்தால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கடினமாகும். ஈறு இறங்கி வேர் வெளியே தெரிகிற இடத்தில் எனாமல் கிடையாது, அங்கே சொத்தை சீக்கிரம் பிடிக்கும். உங்கள் 2 பற்களும் அந்த ரகமாக இருக்கலாம். எதைச் சாப்பிட்டாலும் விழுந்த குழி மூடாது. இந்த மாதமே பல் மருத்துவரிடம் காட்டி, காரையைச் சுத்தம் செய்துகொண்டு குழியையும் அடைத்துவிடுங்கள். நரம்பைத் தொட்டுவிட்டால் ரூட் கேனால் வரை போக வேண்டியிருக்கும்.

அந்த இரவுப் பால்? தூக்கத்தில் உமிழ்நீர் ஏறக்குறைய நின்றே போகும், அதனால் 8 முறையில் அதுதான் மோசமானது. பனங்கற்கண்டு இல்லாமல் குடியுங்கள். குடித்துவிட்டுப் பல் தேயுங்கள், தேய்த்துவிட்டுக் குடிக்காதீர்கள்.