ஷாக் ட்ரீட்மென்ட் கொடுக்க நோயாளியின் சம்மதம் வேண்டுமா?

வேண்டும். மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுத்து, தலை வழியாகச் சில விநாடிகள் மின்சாரம் செலுத்தி மூளையில் ஒரு சிறு வலிப்பை உண்டாக்குவதுதான் மின்னதிர்வு சிகிச்சை, அதாவது இசிடி. மாத்திரைக்குக் கட்டுப்படாத கடும் மனச்சோர்வுக்கும், சாப்பிடாமல் பேசாமல் உறைந்துபோகும் நிலைக்கும் இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் நினைவாற்றல் பாதிக்கப்படலாம். பெரும்பாலும் தற்காலிகம்தான், சிலருக்குச் சில நினைவுகள் திரும்புவதே இல்லை. இழப்பு யாருக்கோ, முடிவும் அவருடையதாகத்தானே இருக்க வேண்டும்?

இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இதில் தெளிவாக இருக்கிறது. நன்மை, ஆபத்து, மாற்று வழி எல்லாவற்றையும் நோயாளிக்குப் புரியும் மொழியில் சொன்ன பிறகு, மிரட்டலோ வற்புறுத்தலோ இல்லாமல் தருவதுதான் சம்மதம். அட்மிஷன் போடும்போது கட்டோடு நீட்டும் தாள்களில் போட்ட கையெழுத்தை இதற்கும் சேர்த்துக்கொள்வது சரியே இல்லை.

வழக்கமாக 6 முதல் 12 முறை கொடுப்பார்கள். பஸ்ஸில் டிக்கெட் எடுத்துவிட்டோம் என்பதற்காகக் கடைசி ஸ்டாப் வரை போக வேண்டியதில்லை, அதேபோல நடுவிலும் 'போதும்' என்று சொல்லலாம். முடிவெடுக்கும் திறன் அப்போதைக்கு இல்லையென்றால், அவருடைய நியமனப் பிரதிநிதியிடம், அதாவது சட்டப்படி அவர் சார்பில் முடிவெடுக்க இருப்பவரிடம், கேட்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பாதுகாவலர் சம்மதத்தோடு மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் தேவை.

அப்புறம், அவசரம் என்றால் கேட்காமலே கொடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு: அவசர சிகிச்சைக்கு இடம் தரும் இதே சட்டத்தின் 94ஆம் பிரிவே இசிடியை அவசரத்தின் பெயரில் கொடுக்கக் கூடாது என்கிறது.