மகன் குடித்ததைச் சபையில் சொல்லலாமா?

கேள்வி: பல வருடம் குடியில் கிடந்த என் மகன் ஜெபத்தால் விடுதலை பெற்றான். அதைச் சபையில் சாட்சியாகச் சொன்னேன். அவர்கள் யூடியூபில் போட்டுவிட்டார்கள். பெண் வீட்டார் பார்த்துவிட்டுச் சம்பந்தம் வேண்டாம் என்கிறார்கள். மகன் என்னோடு பேசுவதில்லை. கர்த்தர் செய்த நன்மையைச் சொல்வது தவறா? (பெயர், ஊர் வேண்டாம்.)

பதில்: பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று எழுதி, கீழே கோடும் போட்டிருக்கிறீர்கள். போடவில்லை. உங்கள் மகனிடம் இப்படி யாராவது கேட்டார்களா?

சாட்சி சொல்வது தவறில்லை அம்மா. ஆனால் நீங்கள் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். உங்கள் கண்ணீரும் உபவாசமும் கொஞ்ச நேரம்தான். மீதியெல்லாம் உங்கள் மகன். பீரோவில் துணிக்கு நடுவே இருந்த பாட்டில், அடகுக்குப் போன அக்கா வளையல், பாயை நனைத்த ராத்திரி. போதாததற்கு, இப்போது எந்தக் கம்பெனியில் வேலை என்பது வரைக்கும் சொல்கிறீர்கள். கைத்தட்டல் உங்களுக்கு, அவமானம் அவருக்கு.

வேதம் படிக்கிறவர் நீங்கள். மாற்கு 5-ஆம் அதிகாரத்தை எடுங்கள். கல்லறைகளில் திரிந்த மனிதனை இயேசு குணமாக்குகிறார். வீட்டுக்குப் போய், கர்த்தர் உனக்குச் செய்ததையெல்லாம் சொல் என்று அவனையே அனுப்புகிறார். அவனும் தெக்கப்போலி நாடெங்கும் சொல்கிறான். அதே அதிகாரத்தின் முடிவில் யவீருவின் 12 வயது மகள் உயிரோடு எழுகிறாள். அங்கே பெற்றோரிடம், இதை ஒருவரும் அறியக்கூடாது என்று உறுதியாகக் கட்டளையிடுகிறார். பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்கிறார். இதற்கு விளக்கவுரைகாரர்கள் வேறு காரணம் சொல்வார்கள், சொல்லட்டும். குணமானவன் தன் வாயால் சொன்னான், குணமானவளைப் பெற்றவர்கள் வாயை மூடச் சொல்லப்பட்டார்கள். எனக்கு இது போதும்.

'நானும்தானே கஷ்டப்பட்டேன்' என்பீர்கள். சரி, அந்தப் பங்கு உங்களுடையதுதான். தூங்காத இரவுகளை, கடவுள்மேல் வந்த கோபத்தை, நம்பிக்கை திரும்பியதைச் சொல்லுங்கள். 'வீட்டில் ஒரு பெரிய பாரம் இருந்தது' என்றாலே சபைக்குப் புரியும். வேளாங்கண்ணியில் வெள்ளியில் செய்த கண்ணையும் காலையும் காணிக்கையாக வைத்துவிட்டுப் போகிறார்கள். யாருடைய கண், யாருடைய கால் என்று எழுதியா வைக்கிறார்கள்? (உங்கள் சபைக்கு இந்த உதாரணம் பிடிக்காது, தெரியும்.) வாட்ஸ்அப்பில் 'ஜெபக் குறிப்பு' என்று அடுத்த வீட்டு விவாகரத்தைப் பரப்புகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பெண் வீட்டாருக்கு விஷயம் தெரியத்தான் வேண்டும். மறைத்துக் கல்யாணம் செய்யச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் எதிரே உட்கார்ந்து, குடித்ததையும் விட்டதையும் அவரே சொல்லியிருக்க வேண்டும். அந்த வாய்ப்பை நீங்கள் பறித்துவிட்டீர்கள்.

இன்றே பாஸ்டரைப் பார்த்து வீடியோவை எடுக்கச் சொல்லுங்கள். முழுக் கூட்டப் பதிவு, எடுக்க முடியாது என்றால், அந்தப் பகுதியை மட்டும் வெட்ட யூடியூபிலேயே வசதி இருக்கிறது. மறுத்தால் தனியுரிமைப் புகார் கொடுக்கலாம். பொதுவாகச் சம்பந்தப்பட்டவர்தான் கொடுக்க வேண்டும், அதாவது உங்கள் மகன். ஏற்கெனவே ஃபார்வர்டு ஆனதைத் திரும்ப வாங்க வழியில்லை.

அப்புறம், மகனிடம் மன்னிப்புக் கேளுங்கள், வீட்டில் வைத்து. அதை அடுத்த ஞாயிறு சாட்சியாக்கிவிடாதீர்கள்.