யார் சொன்னாங்க, யார்கிட்ட கேக்கவே இல்ல? – இதழியல் மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல இதழியல், விஸ்காம் படிக்கிற பிள்ளைங்க அனுப்பினது. அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அக்கா, காலேஜ்ல இருந்து எங்களை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளை கவர் பண்ண அனுப்பினாங்க. "மாவட்ட ஆட்சியர் தலைமையில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடைபெற்றது, பொதுமக்களிடம் இருந்து மனுக்கள் பெறப்பட்டன"ன்னு லீட் (செய்தியோட முதல் வரி) எழுதினேன். சார் "இதுல நியூஸ் எங்கம்மா இருக்கு"ன்னு திருப்பிக் குடுத்துட்டார். இன்வர்ட்டட் பிரமிட் படி முக்கியமானதைத்தானே மேல வச்சேன்?
*– முதலாமாண்டு மாணவி, பாளையங்கோட்டை*

பதில்: முக்கியமானதை மேல வைன்னுதான் அந்த பிரமிட் சொல்லும், எது முக்கியம்னு சொல்லாது, அதை நீங்கதான் அங்க நின்னு கண்டுபிடிக்கணும். குறைதீர் கூட்டம் எல்லா திங்கக்கிழமையும் நடக்குது, ஆபீசர் உக்காருவார், மனு வாங்குவாங்க, சீல் குத்துவாங்க, போன வாரமும் நடந்தது வர்ற வாரமும் நடக்கும். எப்பவும் நடக்கறதை முதல் வரியில வச்சுட்டா அன்னிக்கு மட்டும் நடந்தது என்னங்கறது காணாமப் போயிடும். வரிசைல நிக்கறவங்க கிட்ட போய் "இது எத்தனாவது தடவை வர்றீங்க, போன மனுவுக்கு என்ன பதில் வந்தது"ன்னு கேளுங்க. அந்த பதில் வந்த பேப்பரைக் காட்டச் சொல்லுங்க. வாசல்ல உக்காந்து மனு எழுதிக் குடுக்கறவங்க இருப்பாங்கல்ல, அவங்ககிட்ட பத்து நிமிஷம் பேசினா எந்த தாலுகால இருந்து என்ன பிரச்சனை திரும்பத் திரும்ப வருதுன்னு ஆபீஸ்ல இருக்கறவங்களை விடத் தெளிவா சொல்லுவாங்க.

உங்க ஊர் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ்ல 2017 அக்டோபர் 23ம் தேதி நடந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அதுவும் ஒரு திங்கக்கிழமைதான். கந்துவட்டி கொடுமையால ஒரு அப்பா, அம்மா, ரெண்டு சின்ன பெண் குழந்தைங்க, நாலு பேரும் போயிட்டாங்க. எப்படின்னு நான் இங்க எழுதப் போறதில்ல, ஆனா அன்னிக்கு அந்த குழந்தைங்க இருந்த படத்தை டிவில திரும்பத் திரும்ப ஓட்டினாங்க, போன் போனா சுத்துச்சு, அதைப் பாக்காத ஆள் தமிழ்நாட்டுல கம்மி. தற்கொலைச் செய்தியை எப்படி எழுதணும்னு 2019ல பிரஸ் கவுன்சில் வழிமுறை கொடுத்துச்சு. பெருசா, பரபரப்பா போடாதே, எப்படி செஞ்சுக்கிட்டாங்கன்னு விவரிக்காதே, போட்டோ வீடியோ போடாதே, இதெல்லாம் அதுல இருக்கு. அதை ஒரு பிரிண்ட் எடுத்து நோட்டுக்குள்ள வச்சுக்குங்க.

ஆனா என்னை ரொம்ப உறுத்தறது அந்த படம் மட்டும் இல்ல. அந்த குடும்பம் அதுக்கு முன்னாடியே பல தடவை மனு கொடுத்திருந்ததா அப்ப வந்த செய்திகளே சொல்லுச்சு. அப்படின்னா அவங்க வந்துட்டுப் போன ஒவ்வொரு தடவையும் அங்க நிருபருங்க இருந்திருப்பாங்க, "மனுக்கள் பெறப்பட்டன"ன்னு ஒரு செய்திக் காப்பியும் போயிருக்கும். தமிழ்நாட்டுல அதிக வட்டிக்கு எதிரா 2003லயே தனிச் சட்டம் வந்தாச்சு, அந்த சட்டத்துல இந்த மாவட்டத்துல எத்தனை கேஸ் போட்டீங்கன்னு ஒரு திங்கக்கிழமை யாராவது கேட்டிருந்தா அது லீட். அடுத்த மாசம் இதை வச்சு கார்ட்டூன் போட்ட பாலாவை கைது பண்ணினாங்க, பேச்சு முழுக்க அந்த கைது பக்கம் திரும்பிடுச்சு. அந்த கைதை எதிர்த்து எழுதினது சரிதான், எழுதியே ஆகணும், ஆனா கந்துவட்டி அதோட உள்பக்கத்துக்குப் போயிடுச்சுங்கறது என் வருத்தம். உங்க சார் திருப்பிக் குடுத்த காப்பியை கையில வச்சுக்கிட்டு வர்ற திங்கக்கிழமை மறுபடி போங்க.

கேள்வி: மீடியா கிரிட்டிக் அசைன்மென்ட் கொடுத்திருக்காங்க. நான் எழுதினா "இந்த சேனல் அந்த கட்சிக்கு ஜால்ரா"ங்கறதைத் தாண்டி எதுவும் வரமாட்டேங்குது. எங்க ஊர் சம்பவத்தையே எடுக்கலாம்னு இருக்கேன், எப்படி ஆரம்பிக்கறது?
*– எம்.ஏ. மாணவர், தூத்துக்குடி*

பதில்: யார் ஓனர், எந்த கட்சிங்கறது தெரிஞ்சிருக்க வேண்டியதுதான், ஆனா அதை முதல்லயே எழுதிட்டீங்கன்னா அப்புறம் செய்தியைப் படிக்கவே மாட்டீங்க, முடிவு கையில வந்துடும்ல. நூலகத்துல பழைய பேப்பர் ஃபைல் இருக்கும், 2018 மே 23ம் தேதி பேப்பர் மூணு எடுத்துக்குங்க, அதுல ஒண்ணு இங்கிலீஷ் பேப்பரா இருக்கட்டும். முதல் நாள், மே 22, ஸ்டெர்லைட் எதிர்ப்பு போராட்டத்தோட 100வது நாள், கலெக்டர் ஆபீஸ் நோக்கி ஊர்வலம், போலீஸ் சுட்டதுல மொத்தம் 13 பேர் செத்துப் போனாங்க.

மூணு கலர் பேனா வேணும். நிருபர் தன் கண்ணால பாத்து எழுதின வாக்கியத்துக்கு ஒரு கலர், ஊர்வலத்துல இருந்தவங்களோ அவங்க குடும்பமோ சொன்னதுக்கு ஒரு கலர், போலீஸ், அரசு சொன்னதுக்கு ஒரு கலர். யார் சொன்னதுன்னே தெரியாத வாக்கியத்தை வெறுமனே விட்டுடுங்க, "கூறப்படுகிறது", "தெரிகிறது", "போலீஸ் வட்டாரத்தில் பேசப்படுகிறது" இதெல்லாம் அப்படியே வெள்ளையா கிடக்கட்டும். பக்கத்தை கொஞ்சம் தள்ளி வச்சுப் பாருங்க, எந்த பேப்பர் யார் வாயால பேசுதுன்னு கலரே சொல்லிடும். ஹெட்டிங்கையும் பாருங்க, "துப்பாக்கிச்சூட்டில் பலர் பலி"ன்னா சுட்டது யாருன்னு வாக்கியத்துலயே இல்ல, "போலீஸ் சுட்டதில்"னு போட்டா இருக்கு. இடப் பற்றாக்குறையால விட்டதா பழக்கத்தால விட்டதான்னு ஒரே ஹெட்டிங்கை வச்சு சொல்ல முடியாது, ஒரு வாரத்து ஹெட்டிங்கை வரிசையா எழுதினா சொல்லலாம். அந்த வாரம் தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மூணு மாவட்டத்துலயும் இன்டர்நெட்டை நிறுத்தி வச்சிருந்தாங்க, அதனால ஜனங்க எடுத்த வீடியோ வெளிய போறதே கஷ்டமா இருந்துச்சு, அதையும் உங்க கட்டுரைல கணக்குல எடுங்க, நிருபர் மேல மட்டும் பழி போட்டா நியாயமில்ல.

அடுத்ததுதான் முக்கியமான வேலை, பின்னாடி என்ன வந்ததுன்னு பாக்கறது. தவிர்க்க முடியாத சூழ்நிலைலதான் சுட வேண்டி வந்ததுன்னு அரசு தரப்புல சொன்னாங்க, எல்லா பேப்பர்லயும் வந்தது. அந்த வருஷம் டிசம்பர்ல ராய்ட்டர்ஸ் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைத் தேடி எடுத்து ஒரு செய்தி போட்டாங்க. 13 பேர்ல 12 பேருக்கு தலைலயோ நெஞ்சுலயோ குண்டு பட்டிருக்கு, அதுல பாதி பேருக்கு பின்பக்கமா பாஞ்சிருக்குன்னு. யாரோட பேச்சையும் நம்பி எழுதின செய்தி இல்ல அது, அரசு ஆஸ்பத்திரி டாக்டருங்க எழுதின ஆவணத்தை வச்சு எழுதினது. அப்புறம் நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தோட அறிக்கையை 2022 அக்டோபர்ல சட்டசபைல வச்சாங்க, ஜனங்க பக்கம் தூண்டுதல் எதுவும் இல்லாமலே சுட்டிருக்காங்கன்னும், 17 போலீஸ்காரங்க மேல நடவடிக்கை எடுக்கணும்னும் அது சொல்லுச்சு. இப்ப உங்க கலர் அடிச்ச பக்கத்தையும் இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. முதல் நாள் எழுதினதுல எது நின்னுச்சு, எது விழுந்துச்சு, விழுந்ததை அந்த பேப்பர் பின்னாடி எப்பவாவது திருத்திப் போட்டாங்களா, அறிக்கை வந்த செய்தியை எத்தனாவது பக்கத்துல போட்டாங்க, இதை எழுதினாலே உங்க அசைன்மென்ட் தாண்டிப் போயிடும். ஜால்ராங்கற வார்த்தை தேவையே படாது.

கேள்வி: தினத்தந்தி படிச்சா நடை கெட்டுப் போயிடும்னு எங்க புரொபசர் சொல்றார். நிஜமாவா?
*– விஸ்காம் மாணவர், மதுரை*

பதில்: இல்ல. 1942ல உங்க மதுரைலதான் சி.பா. ஆதித்தனார் அதை ஆரம்பிச்சார், டீக்கடைல ஒருத்தர் சத்தமா படிச்சா சுத்தி உக்காந்திருக்கறவங்களுக்குப் புரியணுங்கறதுதான் அந்த நடையோட அளவு. சின்ன வாக்கியம், ஊர் பேர், ஆள் பேர், வயசு, நடந்தது என்ன. இதை நல்லா எழுதறது கஷ்டம், எழுதிப் பாருங்க தெரியும். நான் வேண்டாம்னு சொல்றது வேற ஒண்ணு, அது ஒரு பேப்பரோட பிரச்சனையும் இல்ல, பல பேப்பர், சேனல், யூடியூப்னு எல்லா இடத்துலயும் இருக்கு: ஒரு பொண்ணு கொலையானா செய்தில அவ அழகை வர்ணிக்கறது, விசாரணையே முடியாம "கள்ளக்காதல்"னு ஹெட்டிங் போடறது. அது எளிய நடையே இல்ல, செத்துப் போனவங்க மேல சேறு வாரி இறைக்கறது, பதில் சொல்ல அவங்க உயிரோட இல்ல.

கேள்வி: பாலியல் வன்முறை கேஸ்ல பேர் போடக்கூடாதுன்னு தெரியும். பேரை விட்டுட்டு மத்த விவரம் எல்லாம் போடலாம்தானே?
*– டிப்ளமோ மாணவி, கோயம்புத்தூர்*

பதில்: போடக்கூடாது. அடையாளம் தெரியற மாதிரி எதையுமே போடக்கூடாதுங்கறதுதான் சட்டம். முன்னாடி இந்திய தண்டனைச் சட்டம் 228ஏ, இப்ப பாரதிய நியாய சன்ஹிதா 72, மீறினா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதம் வேற. குழந்தைன்னா போக்சோ 23வது பிரிவு, அதுல வீடு, குடும்பம், ஸ்கூல், அக்கம்பக்கம் எல்லாமே அடங்கும். செத்துப் போயிட்டாங்கன்னா கூட பேர் போடக்கூடாதுன்னு 2018ல நிபுண் சக்சேனா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. நீங்க ஊர் பேர் போடறீங்க, இன்னொரு பேப்பர் அப்பாவோட வேலையைப் போடறாங்க, மூணாவதா ஒரு சேனல் தெருவைக் காட்டறாங்க, மூணையும் சேத்தா ஊருக்கே தெரிஞ்சு போயிடும், அதனால எழுதறப்ப உங்க காப்பியை மட்டும் பாக்காதீங்க. 2024 டிசம்பர்ல அண்ணா பல்கலைக்கழக வழக்குல எஃப்.ஐ.ஆரே வெளிய கசிஞ்சு போன் போனா சுத்துச்சு, அந்த மாணவிக்கு 25 லட்சம் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொல்லி மெட்ராஸ் ஹைகோர்ட் உத்தரவு போட்டது. உங்க கைக்கு அப்படி ஒரு பேப்பர் வந்தா படிங்க, வழக்குல போலீஸ் என்ன செஞ்சாங்க, என்ன செய்யலன்னு அதுல இருந்து எழுதுங்க. ஃபார்வேர்டு மட்டும் பண்ணாதீங்க, கிளாஸ் குரூப்ல கூட.

கேள்வி: நம்பர் வந்தாலே பயமா இருக்கு, பிரஸ் ரிலீஸ்ல இருக்கறதை அப்படியே காப்பி பண்ணிடறேன். எப்படி கத்துக்கறது?
*– இதழியல் மாணவர், சென்னை*

பதில்: சென்னை வெள்ளத்தப்ப, 2015 டிசம்பர் 1ம் தேதி செம்பரம்பாக்கம் ஏரில இருந்து செகண்டுக்கு 29,000 கன அடி தண்ணி திறந்துவிட்டாங்கன்னு நியூஸ் போச்சு. சைதாப்பேட்டைல, ஜாபர்கான்பேட்டைல ஆத்தோரம் இருந்தவங்களுக்கு 29,000ன்னா என்ன தெரியும்? ஒரு கன அடி சுமாரா 28.3 லிட்டர், பெருக்கினா செகண்டுக்கு 8.2 லட்சம் லிட்டர் வருது. 12,000 லிட்டர் தண்ணி லாரி ஒவ்வொரு செகண்டும் 68 காலியாகற கணக்கு. இந்த வரி அப்பவே நியூஸ்ல இருந்திருந்தா எத்தனை பேர் ராத்திரியே பாயைச் சுருட்டிக்கிட்டு மேடான இடத்துக்குப் போயிருப்பாங்கன்னு நினைக்கறப்ப இன்னிக்கும் எனக்கு மனசு ஆறல. நம்பர் வந்தா மூணு விஷயம் கேளுங்க: எந்த நேரத்துல எடுத்தது, நேத்து எவ்வளவு இருந்துச்சு, இது யார் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்து சேரும்.

டிசம்பர் 2ம் தேதி ஹிந்து பேப்பரே சென்னைல வரல, பிரஸ்ல வேலை செய்யறவங்களால அச்சகம் இருக்கற மறைமலைநகர் போய்ச் சேர முடியல, 1878ல ஆரம்பிச்சதுல இருந்து அப்படி நின்னது அதுதான் முதல் தடவை. அந்த மாதிரி நாள்ல வேலை பாத்த நிருபருங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா தண்ணி வடிஞ்ச பிறகு பாக்கணும்ல. அந்த வெள்ளம் மனுஷங்களால வந்த பேரழிவுன்னு அரசுக் கணக்கைத் தணிக்கை பண்ற சி.ஏ.ஜி. அறிக்கையே சொல்லுச்சு, சட்டசபைல அதை வச்சது 2018 ஜூலைல. நடுவுல இருந்த ரெண்டரை வருஷத்துல என்னென்ன எழுதினாங்கன்னு நீங்க தேடலாம், நல்ல புராஜெக்ட்.

புதுசா ஒரு நம்பர் வேணும்னா ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போடுங்க, மாணவரா இருந்தாலும் போடலாம், 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எந்த ஆபீஸோ அந்த ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பணும், 30 நாள்ல பதில் தரணும். ஏன், எதுக்குன்னு கேக்காதீங்க, தகவல் இல்லைன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. "எந்த தேதில, எத்தனை மணிக்கு, எவ்வளவு, யார் உத்தரவுல, அந்த உத்தரவோட நகல் கொடுங்க"ன்னு கேளுங்க. பதில் வரலைன்னா முதல் மேல்முறையீடு போடணும், அதுக்கு தமிழ்நாட்டுல ஃபீஸ் கிடையாது.