நாய் கடித்த காது மெஷின்: யார் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது?

கேள்வி: திருச்சியில் வசிக்கிறோம். போன மாதம் என் கணவரின் அக்கா (வயது 71) எங்கள் வீட்டில் 2 நாள் தங்கினார். இரவு படுக்கும்போது காது மெஷின்களைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைத்திருக்கிறார். விடிந்து பார்த்தால் எங்கள் ஜிம்மி, 11 மாத லேப்ரடார், ஒன்றைக் கடித்து நொறுக்கியிருந்தது. இதற்கு முன்பே என் மாமனாரின் மூக்குக்கண்ணாடி, டிவி ரிமோட் எல்லாம் அதன் வாய்க்குப் போயிருக்கின்றன. பதறிப்போய், "புதுசே வாங்கித் தர்றோம் அண்ணி" என்று சொல்லிவிட்டேன். பழைய ஜோடி 2 வருடத்துக்கு முன் 1,40,000 ரூபாய்க்கு வாங்கியது. இப்போது அண்ணியின் மகன் புது மாடல் ஜோடிக்கு 1,90,000 ரூபாய் கேட்டு வாட்ஸ்அப் அனுப்புகிறார். தராவிட்டால் போலீஸ், கேஸ் என்கிறார். என் கணவரோ, "வாயில்லா ஜீவன் செய்ததற்கு நாம் ஏன் கொடுக்கணும்? கண்ட இடத்தில் வைத்தது அக்கா தப்பு" என்கிறார். நாயை வாங்கியது என் மகன். அவன் வெளியூர் ஹாஸ்டலில் இருக்கிறான். சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: சகோதரிக்கு வணக்கம்.

சட்டத்துக்குள் போகும் முன் ஒன்று கேட்க வேண்டும். கடிபட்ட மெஷினின் பேட்டரி கிடைத்ததா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. பொத்தான் அளவுதான் இருக்கும். ஆனால் நாயின் வயிற்றுக்குள் போனால் உள்ளே புண்ணாக்கிவிடும். ஒரு மாதமாக ஜிம்மி நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடுகிறது என்றால் கவலை குறைவு. கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: இப்படி நடந்தால் அன்றைக்கே ஓட வேண்டும், காத்திருக்கக் கூடாது.

சரி, உங்கள் கணவரின் வாதத்துக்கு வருவோம். வாயில்லா ஜீவன் மேல் குற்றம் இல்லை என்பது உண்மைதான். சட்டமும் நாயைக் கேட்கவில்லை, வளர்ப்பவரைத்தான் கேட்கிறது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் பவுண்டு என்று ஒரு மதில் சுவர் அடைப்பு இருந்தது. அடுத்தவர் வயலில் மேய்ந்த மாட்டைப் பிடித்து அதில் அடைத்துவிடுவார்கள். மாட்டுக்காரர் பணம் கட்டித்தான் மீட்க வேண்டும். அதற்கென்று 1871-லேயே கால்நடை அத்துமீறல் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டம் 'கால்நடை' என்று சொல்வதில் யானை, ஒட்டகம், எருமை, கழுதை, பன்றி, ஆடு வரைக்கும் உண்டு. நாய் கிடையாது. நாய் செய்த சேதத்துக்கு நஷ்டஈடு கேட்பவர் பொதுவான தீங்கியல் கோட்பாட்டைத்தான், அதாவது அடுத்தவருக்கு இழப்பு ஏற்படுத்தினால் ஈடு தர வேண்டும் என்ற சிவில் விதியைத்தான் பிடிக்க வேண்டும். அது நம் நாட்டில் ஒரே சட்டமாகத் தொகுக்கப்படவில்லை, தீர்ப்புகளின் வழியாக வளர்ந்து வந்தது. வீட்டு நாய் விஷயத்தில் அது கேட்பது முக்கியமாக இரண்டு கேள்விகள். இந்த நாய்க்கு இப்படி ஒரு குணம் இருக்கிறது என்று வளர்ப்பவருக்கு முன்பே தெரியுமா? தெரிந்திருந்தால் நியாயமான கவனம் எடுத்தாரா?

முதல் கேள்விக்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. கண்ணாடியும் ரிமோட்டும் போனது உங்களுக்குத் தெரியும். இரண்டாவதற்கு, அன்றிரவு நாயைக் கட்டினீர்களா, அண்ணி படுத்த அறைக் கதவைச் சாத்தினீர்களா, "பொருளை மேலே வையுங்கள், இது கடிக்கும்" என்று அவரிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா? மூன்றில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. சொல்லியும் அவர் கீழே வைத்திருந்தால் அவர் பங்குக்கும் அலட்சியம் உண்டு என்று தொகையைக் குறைக்க வாதாடலாம். சொல்லாதபோது, விருந்தாளி கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்ததை 'கண்ட இடம்' என்று சொல்ல முடியாது. வேறு எங்கே வைப்பார்?

இதில் இன்னொன்றும் உண்டு. என் தாயார் கடைசி 6 வருடம் காது மெஷின் போட்டவர். அதை அணைக்காமல் கழற்றி உள்ளங்கைக்குள் மூடினால் 'கீ...' என்று மெல்லிய விசில் வரும். மெஷினிலிருந்து வரும் சத்தம் திரும்ப அதன் மைக்குக்கே போவதால் வருவது அது. கைக்குட்டைக்குள் சுற்றினாலும் அதேதான். பக்கத்து அறையிலிருந்து எனக்குக் கேட்கும். கழற்றி வைத்த அம்மாவுக்குக் கேட்காது. அந்த விசிலும், காதிலிருந்து ஒட்டிய வாசனையும் நாயைச் சுண்டி இழுக்கும். நாய் வளர்க்கும் வீடுகளில் காது மெஷின் கடிபடுவது அடிக்கடி நடக்கிற ஒன்றுதான். அண்ணிக்குக் கேட்காத ஒரு சத்தத்துக்கு அண்ணியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்த நீதிபதிக்கும் வராது என்றே நினைக்கிறேன்.

நாய் மகன் பெயரில் வாங்கியது என்பதால் பொறுப்பு மாறாது. சோறு வைத்து, இடம் கொடுத்து, தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்தான் வளர்ப்பவர். இப்போது அது நீங்களும் உங்கள் கணவரும்.

போலீஸ் பயம் வேண்டாம். குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு விலங்கை அலட்சியமாக வைத்திருப்பதைத் தண்டிக்கிறது. ஆனால் அது மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடிய நிலைக்குத்தான். சொத்துக்குச் சேதம் விளைவிப்பதைச் சொல்லும் 324-வது பிரிவுக்கு, சேதம் செய்ய வேண்டும் என்ற எண்ணமோ, சேதம் ஆகும் என்ற அறிவோடு செய்த செயலோ வேண்டும். உங்களிடம் இரண்டும் இல்லை. மனு கொடுத்தால் ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். (மனு பெற்றுக்கொண்டதற்கான பதிவு) போட்டுக் கூப்பிட்டு விசாரிக்கலாம். மரியாதையாகப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். ஆனால் அங்கே உட்கார வைத்து யாராவது தொகை பேசினால் ஒத்துக்கொள்ள வேண்டாம், அது அவர்கள் வேலை இல்லை. சிவில் வழக்கு வேறு விஷயம். அதைப் போட அவர்களுக்கு உரிமை உண்டு, சேதம் நடந்த நாளிலிருந்து 3 வருடம் அவகாசமும் உண்டு.

அடுத்து, "புதுசே வாங்கித் தர்றோம்" என்ற உங்கள் வார்த்தை. 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25-வது பிரிவின்படி, பிரதிபலன் (பதிலுக்கு மறுதரப்பு தருவது அல்லது விட்டுக்கொடுப்பது) இல்லாத வாக்குறுதி பொதுவாகச் செல்லாது. பதற்றத்தில் வாயால் சொன்னது மட்டும் உங்களைக் கட்டிப்போடாது. "சரி, நீங்கள் வாங்கித் தருவதாக இருந்தால் நான் வேறு எதுவும் கேட்கவில்லை" என்று அவர் ஒப்புக்கொண்டிருந்தால், அந்த விட்டுக்கொடுத்தலே பிரதிபலன், அப்போது கதை மாறும். எப்படியானாலும் அந்த வார்த்தையைச் சொன்னதற்காக வருத்தப்படாதீர்கள். மன்னிப்புக் கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து வாயை மூடிக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாதி வழக்குகள் அந்த மௌனத்தால் வருபவை. மேலும், வாக்குறுதி செல்லாது என்பதால் பொறுப்பு போய்விடாது, நான் முதலில் சொன்ன தீங்கியல் பொறுப்பு தனியாக நிற்கிறது.

எவ்வளவு? இழந்தவரைச் சேதத்துக்கு முந்தின நிலைக்குக் கொண்டுவருவதுதான் நஷ்டஈட்டின் அளவுகோல். ஜோடி 1,40,000 என்றால் ஒன்று 70,000. மெஷினின் ஆயுள் 5 வருடம் என்று வைத்து, 2 வருடம் உழைத்ததைக் கழித்தால் 42,000 வரும். எதிர்வாதம் செய்யும் வக்கீல் இந்தக் கணக்கைத்தான் போடுவார். ஆனால் உங்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். பழைய செல்போனுக்குச் சந்தையில் ஒரு விலை உண்டு, அந்தப் பணத்தில் அதே மாதிரி இன்னொன்று வாங்கலாம். காது மெஷின் அப்படியல்ல. அவருடைய காதுச் சோதனைப்படி ட்யூன் செய்தது. 42,000 ரூபாயைக் கொண்டுபோனால் 2 வருடம் பழசான அண்ணியின் மெஷினை எந்தக் கடையிலும் தர மாட்டார்கள். அவர் முன்போல் கேட்க வேண்டுமானால் அதே தரத்தில் புதியது வேண்டும். அதன் இன்றைய விலைதான் நியாயமான தொகை.

அதே நியாயம் உங்கள் மருமகனுக்கும், அதாவது அண்ணியின் மகனுக்கும் பொருந்தும். நல்ல நிலையில் இருக்கும் இன்னொரு மெஷினுக்கும் சேர்த்து, அதைவிட உயர்ந்த மாடலில் ஜோடி கேட்பது இழப்பை ஈடு செய்வது ஆகாது. ஒரு விலக்கு மட்டும் உண்டு. இப்போதைய மெஷின்கள் பலவும் ஒன்றோடொன்று வயர் இல்லாமல் பேசிக்கொண்டு ஜோடியாக வேலை செய்பவை. அதே மாடல் நின்றுபோய், வேறு ஒன்று இதோடு சேராது என்றால், ஜோடியாக மாற்றுவது தவிர வழி இல்லை. அப்போது பழைய தரத்துக்கு நிகரான ஜோடியின் விலை வரை நீங்கள் போக வேண்டியிருக்கும். உயர்ந்த மாடல் வேண்டுமென்றால் அதிகப்படி அவர்களுடையது. இதை நீங்களோ மருமகனோ முடிவு செய்ய முடியாது. மெஷின் வாங்கிய இடத்திலேயே ஆடியாலஜிஸ்ட்டிடம் (காது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணரிடம்) மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்: பழுது பார்க்க முடியுமா, அதே மாடல் ஒன்று கிடைக்குமா, விலை என்ன. உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். சில சமயம் காதுக்குள் போகும் ஒலிபெருக்கிப் பகுதி மட்டும் கெட்டிருக்கும், அதைத் தனியாக மாற்றலாம். ஜிம்மிக்குக் காப்பீடு எடுத்திருந்தால் மூன்றாம் நபர் சேதத்துக்கும் பாலிசியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பணத்தை மருமகன் கணக்குக்கு அனுப்ப வேண்டாம். கடைக்கே நேராகச் செலுத்துங்கள், பில் அண்ணி பெயரில் இருக்கட்டும். வாங்கியபின் ஒரு வெள்ளைத் தாளில், "இன்ன தேதியில் சேதமான என் காது மெஷினுக்குப் பதிலாக இன்ன மெஷின் பெற்றுக்கொண்டேன், இது சம்பந்தமாக வேறு கோரிக்கை இல்லை" என்று அண்ணியிடம் எழுதி வாங்குங்கள். தொகை 5,000 ரூபாய்க்கு மேல் என்பதால் 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போடுவது நல்லது. சொந்தத்துக்குள் இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். சொந்தத்துக்குள் மறுபடி இந்தப் பேச்சு எழக் கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

பேசித் தீராவிட்டால் கோர்ட்டுக்குப் போகும் முன்பே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் வைக்கலாம். கோர்ட் கட்டணம் கிடையாது. அங்கே இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் முடிவு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் இல்லை. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு; 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஆனால் உங்கள் விஷயம் அதுவரை போக வேண்டியதில்லை.

ஏன் என்றால், கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மருமகன் பேசுகிறார், உங்கள் கணவர் பேசுகிறார், நீங்கள் பேசுகிறீர்கள். அண்ணி என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. பொருள் அவருடையது. சமாதானம் செய்துகொள்ளும் உரிமையும் அவருடையது, மகனுடையது அல்ல. போனில் சரியாகக் கேட்காது என்பதால் ஒரு மாதமாக அவரை ஒதுக்கிவிட்டு மற்றவர்கள் எல்லாம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த ஒரு மாதமும் அவர் ஒற்றைக் காதோடு இருக்கிறார்.

இந்த வாரமே உங்கள் கணவரைக் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். மிச்சமிருப்பது எந்தக் காது மெஷின் என்று பார்த்து அந்தப் பக்கமாக, முகம் தெரிகிற வெளிச்சத்தில் உட்கார்ந்து, நிதானமாகப் பேசுங்கள். தம்பி வாயிலிருந்து "தப்பு எங்களுடையது அக்கா" என்ற வார்த்தை முதலில் வரட்டும். தொகையைப் பற்றி அப்புறம் பேசலாம். ஆடியாலஜிஸ்ட்டிடம் போகும் நாளை அவரையே சொல்லச் சொல்லுங்கள். போனதும் மற்றதைக் கேட்கும் முன், புதியது வரும்வரை போட்டுக்கொள்ளத் தற்காலிக மெஷின் ஒன்று கிடைக்குமா என்று கேளுங்கள்.