பழைய பலகை வீட்டின் வெளிச்சுவருக்கு நாமே சாயம் பூசலாமா?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் தாத்தா காலத்துப் பலகை வீடு, வெளிச்சாயம் உரிந்து தொங்குகிறது, தீபாவளிக்குள் நானே பூசிவிடலாமா, பழைய சாயம் முழுவதையும் சுரண்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக நீங்களே பூசலாம். ஆனால் தீபாவளிக்கு வேண்டாம், தைப்பூசத்துக்குப் பூசுங்கள்.

கேலிக்குச் சொல்லவில்லை. பினாங்கில் செப்டம்பரும் அக்டோபரும் மழை கொட்டும் மாதங்கள். நம் வீடுகளில் தூரிகையைத் தேடுவதும் சரியாக அப்போதுதான். தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி ஏறும் காலத்தில்தான் இங்கே பலகை உண்மையாகக் காய்ந்திருக்கும்.

பாகான் டாலாமில் எங்கள் அப்பாவின் வீட்டில் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஓர் அக்டோபரில் மூன்று நாள் மழை ஓய்ந்ததும் அவசரமாக இரண்டு பூச்சுப் பூசினேன். பொங்கலுக்குள் குளியலறைப் பக்கச் சுவர் முழுவதும் கொப்புளம். ஒன்றைக் கத்தி முனையால் குத்தினேன். தண்ணீர் ஒழுகி விரலில் வடிந்தது. உள்ளே வெறும் மரம் கறுத்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் நாற்பது ஆண்டுகள் சாயம் பூசியவர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, தண்ணீரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாயே" என்றார்.

ஆகவே முதலில் ஒரு கொப்புளத்தை வெட்டிப் பாருங்கள். அடியில் வெறும் மரம் தெரிந்தால் ஈரம் மரத்துக்குள் இருக்கிறது: ஓட்டையான கூரைத் தகரம், மழைநீர்ப் பீலி, குளியலறைக் குழாய் எதையாவது சரிசெய்யாமல் எந்த விலைச் சாயமும் நிற்காது. அடியில் பழைய சாயம் தெரிந்தால், சுடுவெயிலில் பூசியதோ அழுக்கின்மேல் பூசியதோ காரணமாக இருக்கலாம்.

முழுவதையும் சுரண்ட வேண்டியதில்லை. தளர்ந்ததை எடுங்கள், இறுகப் பிடித்திருப்பதை விட்டுவிடுங்கள். எது எதுவென்று தெரியாவிட்டால் பழைய சாயத்தில் கத்தியால் பெருக்கல் குறி போல் கீறி, ஒட்டும் நாடாவை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். செதில் நாடாவோடு வந்தால் அந்த இடம் போகத்தான் வேண்டும்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. அந்தக் காலத்துச் சாயத்தில் ஈயம் இருந்திருக்கலாம். அமெரிக்காவிலேயே வீட்டுச் சாயத்தில் ஈயத்தை 1978இல்தான் தடை செய்தார்கள். சோதித்துப் பார்க்கும்வரை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், இயந்திரமும் கூடாது. தண்ணீர் தெளித்து, நனைத்த பிறகே சுரண்டுங்கள். தீயால் வாட்டி உரிப்பது மிக மோசம். ஈயம் புகையாகி நெஞ்சுக்குள் போகும். தரையில் பிளாஸ்டிக் விரிப்பு, முகத்தில் நுண்தூசி தடுக்கும் முகமூடி, வேலை முடிந்ததும் துணிகளைத் தனியாகத் துவையுங்கள். குழந்தைகளை அந்த வாரம் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். செதில்களைக் குப்பையோடு கொளுத்தவே கூடாது. சமையலறையை நீட்டிக் கட்டிய பகுதியில் சாம்பல் நிறச் சிமெண்டுத் தகடு இருந்தால் அதில் கையே வைக்காதீர்கள். பழைய தகடுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும்.

பாசி, கரும்பூஞ்சை பிடித்த இடங்களை நீர்த்த குளோராக்ஸ் (வெளுப்பு நீர்) தொட்டுத் தேய்த்து நன்றாக அலசுங்கள். கடலோர வீடு என்பதால் உப்பும் படிந்திருக்கும். நல்ல தண்ணீரால் எல்லாப் பலகையையும் கழுவுங்கள். அழுத்த நீர் இயந்திரத்தால் அடித்தால் பலகை இடுக்கு வழியே தண்ணீர் உள்ளே போய்விடும். வாளியும் தூரிகையும் போதும். பிறகு நல்ல வெயிலில் நாலைந்து நாள் காயட்டும். ஆனால் வெறும் மரத்தை வாரக்கணக்கில் வெயிலில் போட்டுவிடாதீர்கள். மேல்நார் நைந்து அடிச்சாயம் (பிரைமர்) பிடிக்காது. ஒரு பக்கச் சுவரை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது. திருப்புளியால் குத்தினால் மெத்தென்று இறங்கும் பலகையை மாற்றிவிடுங்கள். அதற்குப் புட்டி வைத்து மெழுகுவது ஏமாற்றுவேலை.

நான் செய்த இன்னொரு தவறு: ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் பலகைகளின் கீழ் விளிம்பு இடுக்கை எல்லாம் சிலிக்கோன் வைத்து அடைத்தேன். ஈரம் வெளியேறும் வழியே அதுதான்! சிலிக்கோன்மேல் சாயமும் ஒட்டாது. ஜன்னல் சட்டத்தைச் சுற்றியும் செங்குத்து இணைப்புகளிலும் மட்டும், சாயம் ஏற்கும் அக்ரிலிக் பசையால் அடையுங்கள்.

வெறும் மரத்துக்கு எண்ணெய் அடிச்சாயம், அதன்மேல் இரண்டு பூச்சு வெளிப்புற அக்ரிலிக். டின்னில் லிட்டருக்கு 10, 12 சதுர மீட்டர் என்று போட்டிருப்பார்கள்; பழைய பலகை அதைவிடக் கூடுதலாகக் குடிக்கும். வெயில் விழும் சுவரை விட்டு நிழல் விழுந்த சுவராகப் பார்த்துப் பூசுங்கள். பிற்பகல் மூன்று மணிக்குமேல் தூரிகை வேண்டாம். பலகையின் அறுத்த முனைகள்தான் தண்ணீரை அதிகம் உறிஞ்சும். கூலிக்கு வருகிறவர்கள் பலரும் அதைத் தொடமாட்டார்கள். தரையில் படுத்தாவது அங்கே அடிச்சாயத்தை இரண்டு முறை ஏற்றுங்கள்.

தீபாவளிக்கு ஆள் வருவார்களே என்ற கவலை இருந்தால், இப்போதைக்குச் சுவரைக் கழுவிவிட்டு அஞ்சடிக்குள் (வீட்டு முன்பக்கக் கூரையிட்ட நடை) இருக்கும் வாசல் கதவுக்கு மட்டும் பூசுங்கள். அங்கே சாரல் வராது.