நகலெடுப்பது வீண் வேலையா?

கேள்வி: கலைக் கல்லூரியில் படிக்கும் என் மகள் மாதக்கணக்கில் பழைய முகலாய நுண்ணோவியங்களையே பார்த்து வரைகிறாள். இதை வைத்து இந்தக் காலத்துக் கலைஞராக முடியுமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தாராளமாக முடியும், சகோதரி. தடுத்துவிடாதீர்கள். பாகிஸ்தானில் பிறந்த இக்கால ஓவியர் ஷாசியா சிக்கந்தர், லாகூர் தேசியக் கலைக் கல்லூரியில் இப்படித்தான் பயின்றார். தாள்களை அடுக்கி ஒட்டி ‘வஸ்லி’ என்ற கெட்டியான ஓவியத் தாள் செய்வது, அணில் முடித் தூரிகை, புள்ளி புள்ளியாக வண்ணம் ஏற்றுவது என எல்லாமே பழைய முறை. ஆனால் 1989-90இல் அவர் வரைந்த ‘சுருள்’ ஓவியத்தில் அரசரும் இல்லை, வேட்டையும் இல்லை. ஒரு வீடு, அதில் அறை அறையாக நடமாடும் வெள்ளுடைப் பெண். அவள் முகம் மட்டும் நமக்குக் காட்டப்படவே இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அதே கல்லூரியில் படித்த இம்ரான் குரேஷி, 2013இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியக மொட்டைமாடித் தரையில் இரத்தச் சிவப்பைத் தெளித்து, அந்தக் கறைகளுக்குள் நுண்ணோவிய இலைகளை வரைந்தார். மக்கள் அதன் மேலேயே நடந்தார்கள். சின்னத் தாளில் பழகிய கை செய்த வேலை அது!

அடுத்த முறை கோலாலம்பூர் போனால், தேசியப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்கு மகளை அழைத்துப் போங்கள். இந்தியக் காட்சிக்கூடத்தில் அவசரப்படுத்தாதீர்கள். அப்புறம், அதே நுணுக்கத்தோடு பினாங்கு பெர்ரியில் ஏறும் கூட்டத்தை வரையச் சொல்லுங்கள்.